எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அம்மா

அன்று மதியம் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? நான்தான் என்கிறாள் மகள். நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று சாட்சி சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

தேயிலை விலை அடியோடு விழுந்து, நீலகிரியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம். மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் என் கணவர் டீமேக்கராக இருந்தார். பறித்து வரும் இலை தூளாகி மூட்டைக்குள் போகும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. எனக்குப் பிறந்த ஊர் காரமடைப் பக்கம். படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகி மலையேறியவள். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டன. மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எங்களை இருக்கச் சொன்னார்கள். சம்பளம் வரும், வரும் என்றார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் இருந்தோம்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்டேட்டை உண்டாக்கிய வெள்ளைக்கார துரைக்குத் தன் சொந்த ஊர் ஞாபகம் விடவே இல்லை போலிருக்கிறது. இங்கிலாந்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அந்தச் சின்னக் கிராமத்தை அப்படியே இங்கே கட்டி வைத்திருந்தார். கல்லில் ஒரு குட்டி சர்ச். அதைச் சுற்றிக் கல்லறைகள். வாத்து விட ஒரு குளம். புகைக்கூண்டு வைத்த நாலைந்து வீடுகள். அதில் ஒன்றுதான் எங்கள் குவார்ட்டர்ஸ். சர்ச்சுக்குள் நுழைகிற இடத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கேட் உண்டு. அதற்குள் இரண்டு பக்கமும் கல்பெஞ்சு. வேலை நடந்த நாட்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கு அங்கேதான் ஒதுங்குவார்கள். அதற்காகவே கட்டியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எஸ்டேட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கிலாந்திலிருந்து வயதான கணவன் மனைவி இரண்டு பேர் வந்தார்கள். அந்த துரையின் கிராமத்துக்காரர்கள். ஊரின் பழைய சங்கதிகளைத் தேடிச் சேர்த்து வைக்கும் ஒரு சங்கத்தில் இருந்தார்களாம். கையில் அவர்கள் ஊர் போட்டோ ஒன்று இருந்தது. அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை பார்த்தேன். அதே சர்ச், அதே கேட், அதே குளம். எங்கள் வீடு நிற்கிற இடத்தில் எங்கள் வீடு மாதிரியே ஒரு வீடு. மேலே பனி விழுந்து வெள்ளையாக இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். நாம் தினம் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற இடம் இன்னொரு தேசத்திலும் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்பதால் அவர்கள் கூடவே போனேன். பக்கத்து லயத்து ஆயாவும் வந்தார். எஸ்டேட் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை பார்த்தவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அதனால் அந்த இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார். வெள்ளைக்கார அம்மா சொல்லச் சொல்ல நான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அந்தக் கேட் மழைக்குக் கட்டியது இல்லையாம். சவப்பெட்டியைக் கொண்டுவந்து அந்தக் கல்பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டுப் பாதிரியார் வரும் வரை காத்திருப்பார்களாம். அவர்கள் ஊரில் இன்னொரு நம்பிக்கையும் உண்டாம். கடைசியாகப் புதைக்கப்பட்டவர் யாரோ, அவர்தான் அந்தக் கேட்டில் காவல் இருக்க வேண்டும். அடுத்து ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு விடுதலை.

இங்கே கடைசி யார் என்று அவர்களே கல்லறை கல்லறையாகத் தேடினார்கள். ஒரு மூலையில் பாசியைச் சுரண்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஏதோ ஒரு சின்ன துரையின், அதாவது உதவி மேனேஜரின் மனைவி. அதற்கப்புறம் வெள்ளைக்காரர்கள் போய்விட்டதால் அங்கே யாரையும் புதைக்கவில்லை. கல்லில் போட்டிருந்த வயது அப்போதைய என் வயது.

ஆயா இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அப்ப அந்த தொரசாணிக்கு இன்னும் ஆள் மாத்தி உடலியா? பாவம், இத்தனை வருசமா ஒரே டூட்டி. ஓவர்டைம் கூட கெடையாது.”

நான் அதை இங்கிலீஷில் சொல்ல, அவர்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே அந்தக் கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம்.

பிறகு எஸ்டேட் மூடிய அந்த ஐப்பசியில்தான் இது நடந்தது. பாக்கிச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டுவர கணவர் குன்னூர் ஆபீசுக்குப் போயிருந்தார். மதியம் மகள் வாசற்படியில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை ரயில் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலே இல்லை. மூடுபனி வீட்டுப் படி வரைக்கும் வந்து நின்றது. தீப்பெட்டிகள் அப்படியே இருந்தன. பாப்பா இல்லை.

கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், விறகுக் கொட்டகையில் எல்லாம் தேடினேன். பிறகு வெளியே ஓடினேன். கை நீட்டினால் கை தெரியாத பனி. ஒரு பக்கம் குளம். இன்னொரு பக்கம் தேயிலை. கவாத்து வெட்ட ஆள் இல்லாமல் விட்டதில் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் காடாகிக் கிடந்தன. காட்டுமாடு பகலிலேயே அதற்குள் படுத்திருக்கும். சிறுத்தை நடமாட்டமும் இருந்தது. நான் எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று தெரியாமல் ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எத்தனை தடவை கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதும் பனிக்குள் எங்கிருந்தோ அவள் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. என் குரல்தான். ஆனால் என்னைப் போலப் பதறாமல், கொஞ்சம் நிதானமாக, வேறு யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டு ஆயா ஓடி வந்தார். எஸ்டேட் வாட்சராக இருந்த அவருடைய தம்பியும் கூட வந்தார். ஆயா வந்த வேகத்தில் என் வாயைக் கையால் பொத்தினார்.

“பேரச் சொல்லாத தாயி. மிஸ்ட்டுல பேரச் சொல்லிக் கூப்புடவே கூடாது. வேற ஒண்ணு அந்தப் பேரக் கத்துக்கும்.”

எஸ்டேட் பழக்கம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பனியில் பிள்ளை காணாமல் போனால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெற்றவள் வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது. ஒரு தகரத்தையோ தட்டையோ ஒரே சீராகத் தட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்காமல் தேடப் போவார்கள். பிள்ளை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தாயிடம் வந்துவிடும் என்பது கணக்கு. நானோ அதற்குள் மலை முழுக்க அவள் பெயரை இறைத்து முடித்திருந்தேன்.

என்னால் உட்கார முடியாது, நானும் தேட வருகிறேன் என்று அழுதேன். ஆயா என் தோளை அழுத்திப் படியில் உட்கார வைத்தார். இட்லிப் பானை மூடியையும் கரண்டியையும் கையில் திணித்தார். “ஒன் வேலை இதுதான். கையி ஓஞ்சிராம அடி” என்று சொல்லிவிட்டு அவரும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பனிக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் காலடிச் சத்தமும் இல்லை.

குழந்தை குளத்தில் மூழ்கிக்கொண்டிருக்கலாம். நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். இது சரியா? எழுந்து ஓடினால், அந்த நேரம் பார்த்து அவள் வந்து என்னைக் காணாமல் திரும்பிப் போய்விட்டால்? எழுந்திருக்கப் போவேன், உட்காருவேன். படித்தவள் நான், எதை நம்பி இதைச் செய்கிறேன் என்று நினைப்பேன். கை மட்டும் நிற்கவில்லை. சத்தம் போய்ச் சர்ச் பக்கம் மோதித் திரும்பி வந்தது. நான் ஒன்று தட்டினால் அங்கே யாரோ ஒன்று தட்டுவது மாதிரி. ஒரு கட்டத்தில் யார் முதலில் தட்டுகிறார்கள் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது. பனிக்குள் ஒரு நிழல் அசைந்தது. வாட்சர் அண்ணன் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் அழவில்லை. அவர் தோள் வழியாக வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய் வாங்கினேன். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பின்னால் பார்த்தாள். பிறகு என் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

“நீ எப்படிம்மா எனக்கு முன்னாடி ஊட்டுக்கு வந்தே?”

எனக்குப் புரியவில்லை. “இப்பத்தானே அங்க இருந்தே” என்றாள்.

அந்தக் கேட்டில்தான் கிடைத்தாளாம். கல்பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவள் முடியும் கன்னமும் பனியில் நனைந்து சொட்டின. பயத்தில் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். கவுனின் முன்பக்கம் ஈரம். முதுகுப் பக்கம் காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. அந்த வெதுவெதுப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் துண்டு துண்டாக அவள் சொன்னது இவ்வளவுதான். அம்மா கூப்பிட்டாள். அம்மா எங்கேயோ இருந்தாள். நடந்து நடந்து போனதும் அம்மா அங்கே இருந்தாள். “அப்புறம் நீ கூப்புடறத நிறுத்திட்டு என்னைய மடியில உக்கார வெச்சுக்கிட்டே” என்றாள். நான் கூப்பிடுவதை நிறுத்தியது உண்மை. ஆயா வாயைப் பொத்தியபோது நிறுத்தினேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடுவது கேட்காமல் போயிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆயா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, தின்பதற்கு ஏதாவது கொடுத்தார்களா என்று விசாரித்தார். இல்லை என்று தலையாட்டினாள். அந்த மாதிரி கையால் தின்ற பிள்ளை அதன் பின்னாலேயே போய்விடும் என்று நம்புகிற ஆயா நிம்மதியாக மூச்சு விட்டார். என்னிடம் மெதுவாக, “காவலுக்கு ஒருத்தி இருக்கான்னு நீதானம்மா எனக்குச் சொன்ன” என்றார். மறுநாளிலிருந்து காலையில் ஒரு டம்ளர் பிளேன்டீயைக் கொண்டுபோய் அந்தக் கல்பெஞ்சில் வைக்க ஆரம்பித்தார். பால் ஊற்றலாமே என்று அவர் தம்பி கிண்டல் செய்தாராம். விலை போகாத தேயிலைக்குப் பால் வேறயா என்று திட்டி அனுப்பிவிட்டார்.

குன்னூரிலிருந்து வந்த கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் என்னை வாசலில் நின்று கூப்பிடச் சொல்லிவிட்டு அவர் கேட்டில் போய் நின்றார். என் குரல் சர்ச் சுவரில் மோதி அவருக்குப் பின்னாலிருந்து வந்ததாம். அவரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாராம். “குழந்தை அந்தச் சத்தத்தை வெச்சு அங்க போயிருக்கு. களைச்சுத் தூங்கியிருக்கும். தூக்கத்துல நீ வந்த மாதிரி கனாக் கண்டிருக்கும். இதுல பயப்பட என்ன இருக்கு?” என்றார். சரிதான். ஆனால் காய்ந்திருந்த அந்த முதுகு?

நானும் தனியாகப் போய்ப் பார்த்தேன். கேட்டின் கூரையில் ஒரு பாதி ஓடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெஞ்சு நனைந்து கிடந்தது. மறுபக்கம் காய்ந்திருந்தது. எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று வாட்சர் அண்ணனிடம் கேட்டேன். நனைந்த பெஞ்சைக் காட்டினார். இன்னொரு நாள் கேட்டபோது மற்றதைக் காட்டினார். கண்டுபிடித்த அன்று, பாப்பா எதன் மேலோ சாய்ந்து உட்கார்ந்திருந்தது என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவு. பிறகு கேட்டால், அப்படியா சொன்னேன் என்கிறார். நான்தான் சேர்த்துக்கொண்டேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மூலைக் கல்லறை வரைக்கும் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் அங்கே நின்றபோது வாயில் வரவில்லை. என் மனதில் இருந்தது நன்றி இல்லை, பொறாமை. நான் இட்லிப் பானை மூடியைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் பெண்ணை இன்னொருத்தி மடியில் வைத்திருந்தாள் என்ற பொறாமை. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று என் படிப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் கணவருக்கு ஜெகதளாப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரியில் வேலை கிடைத்து அங்கே வந்துவிட்டோம். மகனும் பிறந்தான். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். உங்கள் பெண் வகுப்பில் பேசியதைக் கேட்டு எங்களுக்கே கண் கலங்கிவிட்டது என்றார் டீச்சர். அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னபோது இவள் எழுந்து, சின்ன வயதில் நான் பனியில் தொலைந்து போனேன், எல்லாருக்கும் முன்னால் என் அம்மாதான் வந்தாள், ஆட்கள் வரும் வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னாளாம். எனக்கு ஞாபகம் இருப்பதிலேயே முதல் ஞாபகம் அதுதான் என்றும் சொன்னாளாம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது?

அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல். பள்ளி வேன் வரும் நேரத்துக்கு நான் ரோட்டுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. வேன் வந்துவிட்டுப் போயிருந்தது. மகள் நிறுத்தத்தில் இல்லை. பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயை இறுக மூடியபடி தேடினேன். வளைவு தாண்டி, லாரிகள் இறங்குகிற இடத்தில், பாலத்துக் கட்டைச்சுவர் மேல் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். லாரி விளக்குகூடக் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிகிற பனி. அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஏன் நிறுத்தத்திலேயே நிற்கவில்லை என்று கேட்டேன்.

“பனி வந்தா நீ முன்னாடியே வந்து உக்காந்திருப்பியேம்மா. அதான் தேடிட்டு வந்தேன். இன்னிக்கு ஏன் இவ்வளவு லேட்டு?”

ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளைப் பிடித்து ரோட்டோரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அன்றிலிருந்து பனி இறங்கும் மதியங்களில் அவள் ஜன்னல் பக்கம் போனாலே நான் போய்க் கதவைத் தாழிட்டுவிடுகிறேன். கணவர், வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும், நல்ல ஞாபகத்தைக் கெடுக்காதே என்கிறார். ஆயாவுக்கு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிக் கேட்டேன். அது நான்தான் என்றே பிள்ளை நினைக்கட்டும், மாற்றிச் சொன்னால் பிள்ளை அந்தத் தொரசாணியைத் தேட ஆரம்பித்துவிடும் என்று பதில் வந்தது. அதைக் கேட்டதும் என் பயம் இன்னும் அதிகமானது. நான் வரவில்லை, அது நான் இல்லை என்று சொன்னால் அவளுக்கு இருக்கிற முதல் ஞாபகத்திலிருந்து அம்மாவையே எடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஒவ்வொரு பனியிலும் அவள் எங்காவது போய், என்னால் வர முடியாத வேகத்தில் வருகிற ஒரு அம்மாவுக்காகக் காத்திருப்பாள்.

என் குழந்தை தனியாக நின்ற நேரத்தில் அவளுக்கு ஒரு மடி கிடைத்தது என்று நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது; அது என் மடி இல்லை என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வாசகிகள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள். அன்று வந்தது நான் இல்லை என்று ஏழு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?